மெழுகுக் காகிதத்தில் வைகை

ஓடுற தண்ணியைப் பால் மாதிரி எடுக்கணும்னு வானகரம் கூவக்கரையில ட்ரைபாடோட நிக்குற என்னைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு ஒரு முன்னோடி உண்டு மக்களே: கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர்.

1858-ல மதுரை போனவர், வைகையைத் தரைப்பாலத்தோட சேர்த்து எடுத்தார். மெழுகு பூசின காகித நெகட்டிவ். அதுல படம் பதிய நிமிஷக்கணக்குல ஆகும், அலையெல்லாம் கரைஞ்சிடும். நாம காசு குடுத்து என்.டி. ஃபில்டர் மாட்டி, ஐ.எஸ்.ஓ.வைக் கொறச்சு வரவைக்கிற மழமழப்பு, அந்தக் காலத்துல வேண்டாம்னாலும் வரும்!

வானமும் வெளுத்துப் போயிடும். அதனால நெகட்டிவ்லயே மேகத்தை வரைஞ்சு சேர்த்தார் மனுஷன். (போட்டோஷாப்பைத் திட்டுறவங்க கவனிக்க.)

1859-ல வந்த கவர்னர் ட்ரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு அந்த வேலையையே நிறுத்திட்டார்.