தொடப்படாத மனுக்கள்



சட்டமன்றம் என்றதும் நாம் சட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். எந்தச் சட்டம் வந்தது, யார் எதிர்த்தார்கள், எத்தனை வாக்கு. அவைக்குள் வரவே முடியாமல் போனவற்றைப் பற்றிப் பேசுவது குறைவு. அவற்றை வாசலிலேயே நிறுத்துவது பெரும்பாலும் நடைமுறை விதி என்னும் சலிப்பூட்டும் புத்தகம். அதை யார், எப்போது எழுதுகிறார்கள் என்பதற்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். ஜோதிராவ் புலே 1873இல் தம் 'குலாம்கிரி' நூலை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். இது நமக்கு அந்நியமான கதை இல்லை.

அந்தச் சபை முழுவதும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கலைந்து புதிதாகக் கூடுகிறது. பழைய விதிகளும் பழைய சபையோடு காலாவதி ஆகிவிடும். முதல் நாளில் முந்தைய சபையின் எழுத்தர் முன்னிருந்து சபாநாயகர் தேர்தலை நடத்துவார். உறுப்பினர்கள் உறுதிமொழி எடுப்பார்கள். அதன்பின் விதிகள் ஒரே தீர்மானமாக வாக்கெடுப்புக்கு வரும். வரைவைப் பெரும்பான்மைக் கட்சி முன்னதாகவே தயாரித்து வைத்திருக்கும். 2023 ஜனவரியில் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கவே பதினைந்து சுற்று வாக்கெடுப்பு ஆனது. அதுவரை உறுதிமொழியும் இல்லை, விதியும் இல்லை. சபாநாயகரை நீக்கும் தீர்மானத்தை ஒரே ஓர் உறுப்பினர்கூடக் கொண்டுவரலாம் என்ற சலுகை அந்தப் பேரத்தில் கிடைத்தது. அதே அக்டோபரில் 216க்கு 210 என்ற வாக்கில் அந்தச் சபாநாயகர் நீக்கப்பட்டார். விதி எழுதும் நாள் பேரம் பேசும் நாள்.

இனி 1830களுக்குப் போவோம். தலைநகரான வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி வடமாநிலங்களிலிருந்து மனுக்கள் குவிந்தன. கையொப்பமிட்டவர்களில் பெரும்பகுதி பெண்கள். வாக்குரிமை இல்லாதவர்களுக்கு மனு ஒன்றுதானே அவைக்குள் நுழையும் வழி! 1836 மே 26 அன்று, தென் கரோலினாவின் ஹென்றி பிங்க்னி தலைமையிலான குழு தந்த தீர்மானத்தைச் சபை 117க்கு 68 என்று ஏற்றது. அடிமைமுறை பற்றிய எந்த மனுவும் அச்சிடப்படாது, குழுவுக்கு அனுப்பப்படாது, மேசையில் வைக்கப்படும். அதன்மேல் எந்த நடவடிக்கையும் இராது. நம் நாடாளுமன்றத்தில் 'மேசையில் வைத்தல்' என்றால் அவையின் பார்வைக்குக் கொண்டுவருவது. அங்கே அதற்குப் பொருள் கிடப்பில் போடுவது. வரலாற்றில் இது 'வாய்ப்பூட்டு விதி' என்றே பெயர் பெற்றது.

இந்தப் பெரும்பான்மை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டு மாநிலங்களுக்கு இடம் ஒதுக்கியது அவர்களின் அரசியல் சட்டம். தென்மாநில உடைமையாளர்களுக்குக் கிடைத்த கூடுதல் இடங்கள், தாங்கள் விலைக்கு விற்ற மனிதர்களின் தலையை எண்ணி வாங்கியவை. அந்த இடங்களில் உட்கார்ந்துகொண்டுதான் அவர்கள் அந்த மனிதர்களைப் பற்றிய தாள்களைக்கூடத் தொட மறுத்தார்கள். எண்ணிக்கைக்கு மட்டும் சேர்த்துக்கொண்டு குரலுக்கு ஒதுக்கிவைக்கும் இந்தக் கணக்கை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஜான் குவின்சி ஆடம்ஸ், முன்னாள் குடியரசுத் தலைவர். இவரை நாயகனாக்கிப் பாட வேண்டாம். தலைநகரில் அடிமைமுறையை உடனடியாக ஒழிக்கும் கோரிக்கையை அவரே ஆதரிக்கவில்லை. அவர் காத்தது மனுக் கொடுக்கும் உரிமையை. ஆனால் நடைமுறையை ஓர் ஆயுதமாக அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். தீர்மானம் ஒரு கூட்டத்தொடருக்கு மட்டுமே செல்லும் என்பதால் ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1837 ஜனவரியில் பழைய தீர்மானம் செத்து, புதியது பிறக்காத இடைவெளி கிடைத்தது. அந்த நாட்களில் அவர் மனுக்களை அவைமுன் வைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம், இருபத்திரண்டு அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவும் தீர்மானத்துக்குள் அடங்குமா என்று சபாநாயகர் ஜேம்ஸ் போல்க்கிடம் கேட்டார். அவை கொந்தளித்தது, அவரைக் கண்டிக்க வேண்டும் என்றார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அந்த மனு அடிமைமுறை ஒழிப்பை எதிர்த்தது என்று! ஆனாலும் அவை பெருவாரியான வாக்குகளில் ஒரு முடிவை எழுதி வைத்தது: அடிமைகளுக்கு மனுக் கொடுக்கும் உரிமை இல்லை. மனுவில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அனுப்பியது யார் என்பதே தீட்டாக இருந்தது.

1840 ஜனவரி 28 அன்று அந்த இடைவெளியையும் அடைத்தார்கள். தீர்மானம் நிலையான விதியாயிற்று. மனுவைப் பெற்றுக்கொள்வதே கூடாது என்று இன்னும் கடுமையாயிற்று. ஆனால் வாக்கு 114க்கு 108. நான்கு ஆண்டுகளில் ஐம்பதுக்கு அருகிலிருந்த வித்தியாசம் ஆறாகச் சுருங்கியிருந்தது. வடமாநில உறுப்பினர்கள் ஊருக்குத் திரும்பினால் கையொப்பமிட்டவர்கள் வாசலில் நின்றார்கள். விதியை உள்ளிருந்து உடைத்தவர் ஆடம்ஸ் என்று நூல்கள் எழுதுகின்றன. வீடு வீடாகத் தாள் எடுத்துச் சென்ற பெண்கள் இல்லாவிட்டால் அவர் கையில் என்ன இருந்திருக்கும்? 1844 டிசம்பர் 3 அன்று விதி 108க்கு 80 என்று நீக்கப்பட்டது. அடிமைமுறை அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பதையும் மறக்கக் கூடாது.

நூறாண்டு கழித்து அதே சபையில் பூட்டு வேறு கைக்கு மாறியிருந்தது. எந்த மசோதா விவாதத்துக்கு வரலாம் என்று தீர்மானிக்கும் விதிக்குழுவின் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித். குழுவில் பன்னிரண்டு பேர். அவரும் மிசிசிப்பியின் வில்லியம் கோல்மரும் நான்கு குடியரசுக் கட்சியினரோடு சேர்ந்தால் ஆறுக்கு ஆறு, மசோதா அங்கேயே உறங்கும். 1961இல் புதிய சபை கூடியதும் சபாநாயகர் சாம் ரேபர்ன் குழுவைப் பதினைந்து பேராக்க முயன்றார். ஜனவரி 31 அன்று 217க்கு 212. ஐந்தே வாக்கு! தலைப்புச் செய்திக்கு உகந்த சொல் அதில் ஒன்றுமில்லை. குழுவில் மூன்று நாற்காலி கூடிற்று, அவ்வளவுதான். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைத் தடுக்க ஸ்மித் முயன்றபோது, அந்தக் குழு பழையபடி அவர் கைக்குள் இல்லை.

நம் நிலைமை வேறு. அரசியல் சட்டத்தின் 118ஆம் பிரிவு நாடாளுமன்ற அவைகளுக்கும், 208ஆம் பிரிவு மாநிலச் சட்டமன்றங்களுக்கும் விதி வகுக்கும் அதிகாரம் தருகின்றன. ஆனால் மக்களவை கலைந்தாலும் அதன் விதிகள் கலைவதில்லை. புதிய அவை பழைய புத்தகத்தையே கையில் எடுக்கிறது. முதல் நாள் சண்டை இல்லை, பேரமும் இல்லை. மாற்றங்கள் விதிக்குழு வழியாக அமைதியாக வருகின்றன. குழுவின் பரிந்துரை மேசையில் வைக்கப்படும். ஏழு நாட்களுக்குள் எந்த உறுப்பினரும் திருத்த அறிவிப்புத் தராவிட்டால் அவை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். மக்களவையில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள் 84, பழங்குடியினருக்கு 47. அந்த 131 பேரில் எத்தனை பேர் இதுவரை அந்த ஏழு நாட்களைப் பயன்படுத்தினார்கள் என்பதை அவை ஆவணங்களிலிருந்து எடுத்துத் தொகுக்கும் வேலையை இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களில் யாராவது தொடங்க வேண்டும்.