கேஸ் நேர்முகத்தேர்வு: ஆறு வாரத் தயாரிப்புத் திட்டம்

முகாமைத்துவ ஆலோசனை நிறுவனங்களில் வேலைக்கு விண்ணப்பிப்போர் கடக்க வேண்டிய முக்கிய கட்டம் கேஸ் நேர்முகத்தேர்வு ஆகும். 1926இல் தொடங்கிய மக்கின்சி, 1963இல் தொடங்கிய பொஸ்டன் கன்சல்டிங் குறூப், 1973இல் தொடங்கிய பெயின் ஆகிய மூன்றும் இம்முறையிலேயே ஆட்களைத் தெரிவு செய்கின்றன. புலம்பெயர் நாடுகளிலும் இங்கும் பட்டம் முடித்து இவ்வேலைகளுக்கு முயல்கின்ற எமது இளையோருக்கான வழிகாட்டல் இது.

என்ன கேட்பார்கள்?

ஏறத்தாழ 30 நிமிடங்களுக்கு ஒரு வணிகச் சிக்கலைத் தந்து, அதைப் பேசியபடியே தீர்க்கச் சொல்வார்கள். மக்கின்சியில் பெரும்பாலும் தேர்வாளரே அடுத்தடுத்த கேள்விகளைக் கேட்டு நடத்துவார். மற்றைய இரண்டிலும் அநேகமாக விண்ணப்பதாரியே வழிநடத்த வேண்டும்.

உதாரணமாக, ஒரு பேக்கரியின் இலாபம் ஏன் குறைந்தது என்று கேட்கப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2,000 பாண், ஒன்று 150 ரூபா. மாவு, விறகு போன்ற செலவு பாணுக்கு 110 ரூபா. வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவு நாளுக்கு 60,000 ரூபா. பாணுக்கு 40 ரூபா மிஞ்சுவதால் 80,000 ரூபா வரும். நிலையான செலவு போக இலாபம் 20,000 ரூபா. விற்பனை 1,600 ஆகக் குறைந்தால் 64,000 ரூபாவே வரும். இலாபம் 4,000 ரூபா. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைய, இலாபம் ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகின்றது. இதைக் கணக்கிட்டால் மட்டும் போதாது. விற்பனை ஏன் விழுந்தது, போட்டிக் கடை வந்ததா, விலை கூடியதா என அடுத்த கேள்வியை நீங்களே எழுப்ப வேண்டும்.

ஆறு வாரங்கள்

முதலாம் வாரம்: அந்நிறுவனங்களின் இணையத்தளங்களில் உள்ள மாதிரிக் கேஸ்களைப் படியுங்கள். கணிப்பொறி இல்லாமல் பெருக்கல், வகுத்தல், சதவீதம் ஆகியவற்றைத் தினமும் 15 நிமிடம் பழகுங்கள். நேர்முகத்துக்கு முன் இணையவழித் தேர்வு உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: ஒரு நண்பருடன் இரண்டு நாளுக்கு ஒரு கேஸ். ஒருவர் கேட்க மற்றவர் தீர்த்து, பின் மாறிக்கொள்ளுங்கள். அருகில் யாரும் இல்லாவிட்டால் வீடியோ அழைப்புப் போதும்.

நான்காம், ஐந்தாம் வாரங்கள்: நேரம் வைத்து முழுக் கேஸ்கள். ஒவ்வொன்றின் பின்னும் விட்ட பிழையைக் கொப்பியில் குறியுங்கள். ஒரே பிழை மூன்று தடவை வந்தால், புதிய கேஸ்களை நிறுத்தி அதை மட்டும் திருத்துங்கள்.

ஆறாம் வாரம்: கேஸ்களைக் குறைத்து, சொந்த அனுபவக் கேள்விகளுக்குத் தயாராகுங்கள். கடைசி நாள் ஓய்வு.

மொழியும் சத்தமும்

தமிழ்மொழி மூலம் படித்தோருக்குக் கணக்கு கடினமாக இருப்பதில்லை. யோசிப்பதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்வதே கடினம். விடையை எழுதிக் கொடுத்தே பழகியவர்கள் நாம். ஆகவே தனியே பயிலும்போதும் சத்தமாகப் பேசுங்கள். முதலில் தமிழில் ஒழுங்குபடுத்திவிட்டு, அதே கேஸை ஆங்கிலத்தில் மீண்டும் செய்யுங்கள். விளங்காததைத் திருப்பிக் கேட்பது குறையல்ல, அது எதிர்பார்க்கப்படுகின்றது.

எந்தக் கதையைச் சொல்வது?

இடர் ஒன்றை எப்படிக் கடந்தீர்கள் எனக் கட்டாயம் கேட்கக்கூடும். யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்டவர்கள் இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு. உங்கள் இழப்பை அங்கே விரிக்க வேண்டிய கடமை உங்களுக்கில்லை. அவர்கள் அறிய விரும்புவது நீங்கள் எடுத்த முடிவையும் அதனால் விளைந்ததையுமே. முகாமில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும், குடும்பக் கடையை மீளத் திறந்ததும் தகுதியான கதைகள்தான். அமைதியாகச் சொல்லக்கூடிய இரண்டு மூன்றை முன்கூட்டியே நீங்களே தெரிவு செய்யுங்கள். சொல்ல விரும்பாதவற்றையும் அப்போதே தீர்மானித்துவிட்டுச் செல்லுங்கள்.