வேடந்தாங்கல் ஏரி

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள பாசன ஏரி, நீர்ப்பறவைச் சரணாலயம். பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். மண் கரை, மதகு, வரத்துக் கால்வாய் என அமைப்பில் வட தமிழகத்துச் சிற்றேரிகள் பலவற்றைப் போன்றதே. தண்ணீருக்குள்ளேயே வேரூன்றி நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள்தான் பறவைகளை இங்கே இழுக்கின்றன. சுற்றிலும் நீர் நிற்பதால் நரியும் பூனையும் கூடுகளை எளிதில் நெருங்க முடியாது.

பழைய வரலாறாகக் கிடைப்பது சொற்பம். 18ஆம் நூற்றாண்டில் வட்டார நிலக்கிழார்கள் இங்கே வேட்டையாடினர் என்பார்கள்.

செய்திகள் பெருகுவது லயனல் பிளேஸ் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த 1790களில். மதுராந்தகம் ஏரிக்கரையைப் பழுதுபார்த்தவரும் இவரே. அங்குள்ள ஏரி காத்த ராமர் கோயில் தாயார் சன்னதிக் கல்வெட்டில் இவர் பெயர் இன்றும் இருக்கிறது. ஆங்கிலேயச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் நாரைகளைச் சுட்டபோது ஊரார் இவரிடம் முறையிட்டனர். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்வதால்தான் தங்கள் வயல் செழிக்கிறது என்று பயிரையே காட்டினார்களாம். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு அளித்து பிளேஸ் கவுல் என்னும் உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அது 1796இல் என்று சிலரும் 1798இல் என்று சிலரும் குறிப்பிடுகின்றனர். மூலப் பத்திரம் தொலைந்துபோனதால் 1858இல் அப்போதைய கலெக்டரிடம் ஊரார் அதைப் புதுப்பித்துக்கொண்டனர் எனத் தெரிகிறது.

ஊராரின் வாதத்தில் நுட்பமான உண்மை உண்டு. அத்தனை பறவைகளுக்கும் இச்சிற்றேரியின் மீன் போதாது. அவை சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து மீன், தவளை, நத்தை பிடித்துத் தின்றுவிட்டுக் கூட்டுக்குத் திரும்புகின்றன. பல ஊர்களில் மேய்ந்ததன் உரம் ஓர் ஊரின் தண்ணீரில் சேர்கிறது. அதனால்தான் வேட்டைக்காரரைத் தடுக்க இங்கே உழவரே முன்வந்தனர்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பத் தொடங்கியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வெள்ளை அரிவாள்மூக்கன், துடுப்புவாயன், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் வந்து சேரும். வளர்ந்த நத்தைகுத்தியின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து இரை எடுப்பதைக் கரையிலிருந்தே தொலைநோக்கியில் பார்க்கலாம். கோடையில் நீர் வற்ற, பறவைகளும் கிளம்பிவிடும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் இந்த ஏரியைப் பற்றி விரும்பி எழுதியிருக்கிறார்.

1936இல் ஏரி சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 1998 அறிவிக்கையின்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை நீள்கிறது. அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு 2020இல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2022இல் அருகிலுள்ள கரிக்கிலிப் பறவைச் சரணாலயத்துடன் வேடந்தாங்கலும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.