சோங் கப்பலின் இழப்பீட்டு வழக்கு

புயலில் சிக்கிய கப்பலைக் காக்கச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிவது பண்டுதொட்டு வரும் வழக்கம். அவ்விழப்பை எறியப்பட்ட சரக்கிற்கு உரியவர் மட்டும் தாங்காமல், தப்பிய சரக்கிற்கு உரியவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ரோட்ஸ் தீவின் பெயரால் வழங்கும் கடற்சட்டம். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த உரோமச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. பின்னர்க் கப்பற் காப்பீடு வளர்ந்தபோது, இத்தகைய இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு காப்பீட்டாளரைச் சேர்ந்தது. நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வணிகர்கள் இவ்விதியை மனிதருக்கும் பொருத்தினர்.

சோங் என்பது லிவர்பூலைச் சேர்ந்த வில்லியம் கிரெக்சன் முதலிய வணிகர்களின் கப்பல். ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றுமுன் அது டச்சுக்காரருடையது. அவர்கள் இட்ட பெயருக்குப் பொருள் 'பராமரிப்பு' என்பதாம்! 1781 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவின் அக்ராவிலிருந்து 442 அடிமைகளுடன் அது புறப்பட்டது. அவ்வளவு பேரைத் தாங்கும் கப்பலன்று அது. மீகாமன் லூக் காலிங்வுட், அடிமைக் கப்பல்களில் மருத்துவராக இருந்தவர். கப்பலை நடத்திப் பழகியவரல்லர். நோயால் பலர் மாண்டனர். நவம்பர் இறுதியில் எதிர்ப்பட்ட ஜமைக்காவை வேறொரு தீவென மயங்கிக் கடந்து சென்றனர். குடிநீர் போதாதெனக் கூறி, நவம்பர் 29 முதல் சில நாள்களில் ஏறத்தாழ 130 பேரை உயிருடன் கடலில் எறிந்தனர். முதல் நாள் எறியப்பட்டோர் பெண்களும் குழந்தைகளும்.

இதன் பின்னே ஒரு கணக்கு இருந்தது. அடிமை நோயால் இறந்தால் இழப்பு கப்பல் உரிமையாளருக்கு. தவிர்க்கவியலாத நெருக்கடியில் எறியப்பட்டால் காப்பீட்டாளருக்கு. தலைக்கு 30 பவுன் வீதம் உரிமையாளர்கள் இழப்பீடு கோரினர். காப்பீட்டாளர்கள் மறுத்தனர். 1783 மார்ச்சில் இலண்டன் நடுவர் குழு உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தது.

மறுவிசாரணை கோரும் மனு மே மாதம் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு முன் வந்தது. அடிமைகளை எறிந்ததும் குதிரைகளை எறிந்ததும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே என்ற நிலையில்தான் வழக்கு நடந்ததென அவரே குறிப்பிட்டார். ஆயினும் சான்றுகள் கோரிக்கைக்கு இடந்தரவில்லை. வழி தவறியது மாலுமிகளின் பிழை, கடலின் சீற்றமன்று. இடையில் மழை பெய்து நீர் சேர்ந்த பின்னும் எறிதல் தொடர்ந்தது. டிசம்பர் 22 அன்று ஜமைக்காவை அடைந்தபோது கப்பலில் 420 காலன் நீர் எஞ்சியிருந்தது. எந்தக் கப்பல் வழக்கிலும் முதலில் கேட்கப்படும் பயணக் குறிப்பேடோ காணாமற்போயிருந்தது. மீகாமனும் கரை சேர்ந்த சில நாள்களில் இறந்துவிட்டார். நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. அவ்விசாரணை நடந்ததற்குப் பதிவேதும் இல்லை.

முன்பு அடிமையாக இருந்த ஒலாடா எக்கியானோ இச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்பவரிடம் கொண்டுசென்றார். ஷார்ப் சுருக்கெழுத்தாளரை அமர்த்தி வழக்குரைகளைப் பதிவு செய்வித்து, இது கொலை என்று கடற்படை ஆட்சியருக்கு எழுதினார். எவர்மீதும் கொலை வழக்குத் தொடரப்படவில்லை.

1788ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகள்மீதான காப்பீட்டிற்கு வரம்பிட்டது. எக்காரணம் பற்றி அடிமைகள் கடலில் எறியப்பட்டாலும் இழப்பீடு கிடையாதென 1790ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அடிமை வாணிகம் மேலும் 17 ஆண்டுகள் சட்டப்படியே நடந்தது.