சயீதா வார்ஸி: காஸாவுக்காக அமைச்சர் பதவியைத் துறந்தவர்

2014 ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. காஸா மீது இஸ்ரேலின் தாக்குதல் தொடங்கி நான்கு வாரங்கள் ஆகியிருந்தன. அன்று காலை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மூத்த இணையமைச்சர் பேரனஸ் சயீதா வார்ஸி, பிரதமர் டேவிட் கேமரூனுக்கு ராஜினாமா கடிதம் அனுப்பினார். காஸா விஷயத்தில் அரசின் அணுகுமுறையும் அது பயன்படுத்தும் வார்த்தைகளும் தார்மீக ரீதியில் நியாயப்படுத்த முடியாதவை, நாட்டின் நலனுக்கும் உகந்தவை அல்ல என்று அதில் எழுதியிருந்தார். பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் பெண் அவர்.

யார் இந்த வார்ஸி?

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், கம்பளி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற டூஸ்பரி என்ற ஊரில் 1971-ல் பிறந்தவர். பெற்றோர் பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள குஜர்கானைச் சேர்ந்தவர்கள். ஐந்து பெண் பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். தந்தை ஆலைத் தொழிலாளியாக இருந்து, பின்னர் சொந்தமாகக் கட்டில் தயாரிக்கும் தொழில் நடத்தியவர். புலம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலோர் லேபர் கட்சியை ஆதரித்த காலத்தில், இவர் வலதுசாரி கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனார். சொந்த உழைப்பில் முன்னேறிய தந்தையின் வாழ்க்கையே இவரை அந்தப் பக்கம் ஈர்த்தது.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். 2005 பொதுத் தேர்தலில் சொந்த ஊரான டூஸ்பரியில் போட்டியிட்டார். எதிரே லேபர் கட்சி வேட்பாளர் ஷாஹித் மாலிக், அவரும் முஸ்லிம். வென்றவர் மாலிக். இருந்தாலும் 2007-ல் கேமரூன் இவரைப் பிரபுக்கள் சபைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சபைக்கு மக்கள் வாக்களிப்பதில்லை, நியமனம்தான். அதில் பெண் உறுப்பினருக்குரிய பட்டமே 'பேரனஸ்'. அப்போது இவருக்கு வயது 36, சபையிலேயே இளையவர். மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவரல்ல என்ற விமர்சனம் பின்னாளிலும் இவரை விடவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் சூடானில் ஒரு பிரச்சினை வெடித்தது. பள்ளியில் கரடி பொம்மைக்கு மாணவர்கள் 'முஹம்மது' என்று பெயர் வைக்க அனுமதித்ததற்காக ஒரு பிரிட்டிஷ் ஆசிரியைக்குப் பதினைந்து நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வார்ஸியும் மற்றொரு முஸ்லிம் உறுப்பினரும் கார்ட்டூம் சென்று அதிபர் பஷீரைச் சந்தித்தார்கள். ஆசிரியை மன்னிக்கப்பட்டு நாடு திரும்பினார். அவமதிக்கும் எண்ணம் இல்லாத ஒருவரைத் தண்டிப்பது நியாயமல்ல என்பதை முஸ்லிம்களே நேரில் போய்ச் சொன்னதற்கு அங்கே மதிப்பு இருந்தது.

2009 அக்டோபரில் பிபிசியின் விவாத நிகழ்ச்சியில், இனவாதக் கட்சியான பிஎன்பியின் தலைவர் நிக் கிரிஃபினை எதிர்கொண்டவர்களில் இவரும் ஒருவர். அடுத்த மாதமே லூட்டன் நகரில் இவர்மீது முட்டை வீசப்பட்டது. வீசியவர்கள் முஸ்லிம் இளைஞர்கள். இவர் சரியான முஸ்லிம் அல்ல என்பது அவர்களின் குற்றச்சாட்டு. இவர் ஓடி ஒளியவில்லை, அவர்களோடு நின்று வாதம் செய்தார். இரண்டு பக்கமும் அடி வாங்குவது இவருக்கு அன்றே பழகிவிட்டது போலும்.

2010 மே மாதம் ஆட்சி மாறியது. இளஞ்சிவப்பு சல்வார் கமீஸ் அணிந்து டவுனிங் தெரு பத்தாம் எண் வாசலில் இவர் நின்ற படம் உலகெங்கும் வெளியானது. இலாகா இல்லாத அமைச்சர், கட்சியின் இணைத்தலைவர் என இரண்டு பொறுப்புகள். 2011 ஜனவரியில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இவர் ஆற்றிய உரைதான் அதிகம் பேசப்பட்டது. முஸ்லிம் வெறுப்பு என்பது தெருவில் கத்தும் கூட்டத்தோடு நிற்கவில்லை, கண்ணியமானவர்களின் விருந்து மேசையிலும் கூச்சமின்றிப் பேசப்படும் விஷயமாகிவிட்டது என்றார். புதிதாக ஒரு முஸ்லிமை வேலைக்குச் சேர்த்த முதலாளி, 'கவலைப்படாதீர்கள், அவர் ஓரளவுக்குத்தான் முஸ்லிம்' என்று மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வதை உதாரணம் காட்டினார். சொந்தக் கட்சியிலேயே பலருக்கு இது ரசிக்கவில்லை.

2012-ல் அமைச்சரவை மாற்றத்தில் கட்சிப் பொறுப்பு போய், வெளியுறவுத் துறையும் சமய விவகாரங்களும் வந்தன. வட்டியில்லா நிதித்துறையை லண்டனில் வளர்க்க முயன்றவர்களில் இவர் முக்கியமானவர். 2014 ஜூனில் பிரிட்டிஷ் அரசு 20 கோடி பவுண்டுக்கு சுகூக் பத்திரம் வெளியிட்டது.

அடுத்த மாதம் காஸா போர் தொடங்கியது. ஐம்பது நாளில் 2,100-க்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். ஐ.நா.வும் மனித உரிமையும் இவருடைய பொறுப்பில் இருந்த துறைகள். பிரபுக்கள் சபையில் அரசின் வெளியுறவுக் கொள்கைக்கு எழுந்து பதில் சொல்ல வேண்டியவரும் இவரே. தான் ஏற்காத ஒன்றை அமைச்சராக இருந்து நியாயப்படுத்த வேண்டிய நிலை. ராஜினாமா செய்தார். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இது தேவையற்ற முடிவு என்றார்.

இதனால் போர் நின்றதா என்றால், இல்லை. ஆனால் பேச்சு மாறியது. இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்த வேண்டும் என்று வார்ஸி வெளிப்படையாகக் கேட்டார். ஒரு வாரம் கழித்து, கடும் சண்டை மீண்டும் மூண்டால் 12 ஏற்றுமதி உரிமங்களை நிறுத்தி வைப்போம் என்று அரசு அறிவித்தது. அக்டோபரில் பாலஸ்தீன அரசை அங்கீகரிக்கக் கோரும் தீர்மானம் மக்களவையில் 274-க்கு 12 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அரசை அது கட்டுப்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

பதவியை விட்டாரே தவிர, கட்சியை விடவில்லை. உள்ளே இருந்துகொண்டே சண்டை போட்டார். 2016-ல் பிரெக்ஸிட் பிரச்சாரம் அகதிகள் மீதான வெறுப்பாக மாறியதைக் கண்டு வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு அணி மாறினார். 2018-ல் தம் கட்சியில் உள்ள முஸ்லிம் வெறுப்பை முறையாக விசாரிக்கக் கோரினார். விசாரணை அறிக்கை 2021-ல்தான் வந்தது; முஸ்லிம் எதிர்ப்பு மனநிலை கட்சியில் பிரச்சினையாகவே இருக்கிறது என்று அதுவும் ஒப்புக்கொண்டது. இத்தனை காலம் ஏன் அங்கே இருந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் வெளியே இருந்து கேட்டிருந்தால் அந்த விசாரணை நடந்திருக்குமா என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

2024 செப்டம்பரில், கட்சி வலதுபுறம் வெகுதூரம் போய்விட்டது என்று சொல்லி கன்சர்வேட்டிவ் அணியிலிருந்து வெளியேறினார். பிரபுக்கள் சபை உறுப்பினர் பதவி தொடர்ந்தது. ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 21 அன்று, லேபர் அரசு பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தது. வார்ஸி ராஜினாமா செய்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.