இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம்: சட்டமும் கடமையும்

எல்.ஐ.சி. என்று ஊரெல்லாம் அறிந்த இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம், 1956ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பல நொடித்துப்போய், பாலிசிதாரர்களின் பணம் முடங்கிக் கிடந்தது. 1956 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அவற்றின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அதை வானொலியில் அறிவித்தார். 245 நிறுவனங்களின் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை ஏற்று, 5 கோடி ரூபாய் அரசு மூலதனத்துடன் செப்டம்பர் 1 அன்று கழகம் தோன்றியது.

சமூகத்துக்கு மிகுந்த நன்மை தரும் வகையில் ஆயுள் காப்பீட்டை வளர்ப்பதே கழகத்தின் கடமை என்கிறது 6ஆம் பிரிவு. கூடியவரை வணிக நெறிப்படி நடக்கவும் அதே பிரிவு பணிக்கிறது. பாலிசித் தொகைக்கு மத்திய அரசின் உத்தரவாதத்தை 37ஆம் பிரிவு தருகிறது. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் அரசு எழுத்து மூலம் தரும் கட்டளைகளுக்கேற்பக் கழகம் நடக்க வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. எழுத்து மூலம் என்ற நிபந்தனையில்தான் கழகத்தின் சுதந்திரம் அடங்கியிருக்கிறது.

அந்தக் காப்பு முதல் ஆண்டிலேயே உடைந்தது. 1957 ஜூனில், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்திராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குக் கழகம் வாங்கியது. முதலீட்டுக் குழுவிடம் கேட்கவில்லை. எழுத்தில் கட்டளையும் இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினரான ஃபெரோஸ் காந்தியே இதை மக்களவையில் அம்பலப்படுத்தினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா மக்கள் முன்னிலையில் விசாரித்து, சில வாரங்களிலேயே அறிக்கை தந்தார். தேஷ்முக்குக்குப் பின் நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். பொது அமைப்புகளைப் பற்றிய விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இன்றும் இதுவே நல்ல முன்மாதிரி.

அரசியலமைப்பின் 12ஆம் பிரிவின்படி கழகமும் 'அரசு' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று, சுக்தேவ் சிங் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அடிப்படை உரிமைகளுக்கு அது கட்டுப்பட்டது. அரசுப் பணியிலோ பெயர்பெற்ற நிறுவனங்களிலோ வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே ஒரு பாலிசி என்றிருந்த விதியை 1995இல் நீதிமன்றம் செல்லாதது ஆக்கியது. கூலித் தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் கதவு திறந்த தீர்ப்பு அது.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் கழகத்தின் ஏகபோகம் முடிந்தது. 2022 மே மாதம் 3.5 சதவீதப் பங்குகளை அரசு பொதுமக்களுக்கு விற்றது. 37ஆம் பிரிவின் உத்தரவாதம் அதற்குப் பின்னும் சட்டத்தில் நீடிக்கிறது.