வாவிக்கு மேற்கே வாட்ஸ்அப் வகுப்பு

மண்டூர், மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் இருக்கிறது. குருமண்வெளியிலிருந்து பாதையில் ஏறிக் கடக்கலாம். இல்லையேல் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். எழுவான்கரையில் நடக்கும் சேவைக்காலப் பயிற்சிக்கு ஆசிரியர் ஒருவர் போனால், அன்று அவருடைய பாடவேளைகள் வெறுமையாகிவிடும். செயலட்டையும் மாதிரி வினாத்தாளும் சுற்றறிக்கை விளக்கமும் பாடவாரியான வாட்ஸ்அப் குழுவில் வந்தால், அந்தப் பயணங்களில் சில மிச்சம்.

மாணவருடனான தொடர்பு அவ்வளவு இலேசன்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட, பாடங்கள் வாட்ஸ்அப், வைபர் குழுக்களுக்கு மாறின. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளம் தமிழிலும் உண்டு. ஆனால் வீட்டிலுள்ள ஒரே கைபேசி தகப்பனுடன் வயலுக்கோ வாவிக்கோ போய்விட்டால், பிள்ளை பாடத்தைப் பார்ப்பது இரவில்தான். நேரலை வகுப்பைவிடக் குரல்பதிவும் ஒரு பக்கப் படமும் இங்கு பயன்படுவது இதனால்தான்; டேட்டாவும் குறைவாகவே செலவாகும்.

2021 யூலை 12 முதல், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்டோபர் பிற்பகுதி வரை குழுக்கள் மௌனித்தன. கோரிக்கை நியாயமானது, டேட்டாச் செலவும் ஆசிரியரின் தலையில்தானே விழுந்தது. ஆனால் 2007 இடப்பெயர்வில் படிப்பைத் தொலைத்தவர்கள் பலர் இன்று பெற்றோர். குழுவில் வரும் கணக்கை விளங்கப்படுத்த அந்த வீடுகளில் வேறு ஆளில்லை.